வைகாசி, ஆனிக் கல்யாணங்களுக்கு என்ன கட்டுவது? செங்கோட்டையிலிருந்து என் அனுபவம்

ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதே மாதம் கர்க்கடகம், அங்கேயும் வைப்பதில்லை. அதனால் ஆடிக்குள் முடித்துவிட வேண்டும் என்று வைகாசியிலும் ஆனியிலும் பத்திரிகைகள் வந்து குவியும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்குகிறது. முகூர்த்தமும் மழையும் சேர்ந்தேதான் வரும்.

எங்கள் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம். செங்கோட்டையில் கிளம்பும்போது சாரல்தான், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போய்விட்டால் குடையே தாங்காது. கோயிலில் தாலி கட்டி, வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு இலை விரிக்கும் எளிய கல்யாணங்களைத்தான் இங்கே சொல்கிறேன். பல வருடமாக இவற்றுக்குப் போய்வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: மழைக்காலத்துச் சேலையை முந்தானையைப் பார்த்து எடுக்காதீர்கள். கீழே ஒரு சாண் நனைந்தால் என்ன ஆகும் என்று பார்த்து எடுங்கள்.

பட்டு வேண்டாம். நான்கு சொட்டு விழுந்தாலே வட்டம் வட்டமாகத் திட்டு நிற்கும். கல்யாணப் பெண்ணும் பெண்ணின் அம்மாவும் கட்டட்டும். அவர்களுக்குக் குடை பிடிக்க ஆள் இருக்கும்.

கஞ்சி போட்ட கனமான காட்டனும் சரிப்படாது. காலையில் விறைப்பாக அழகாக நிற்கும். ஈரம் பட்டதும் கஞ்சி பிசுபிசுத்து, கொசுவம் மொத்தமாகத் துவண்டுவிடும். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் காயாது. ஜார்ஜெட் சீக்கிரம் காயும், ஆனால் நனைந்ததும் காலோடு ஒட்டும், பந்தலுக்குள் வேர்க்கவும் வேர்க்கும்.

செட்டு முண்டு, அதாவது இடுப்பில் முண்டு, மேலே நேரியது என்று கட்டும் கேரளத்து வெள்ளை உடை, எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த நெசவின் மென்மை வேறு எதிலும் வராது. ஆனால் வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும், அந்த ஊர்ச் செம்மண் தெறித்தால் கறை லேசில் போகாது. உடம்பு நிறத்தில் சற்றுத் தடித்த உள்பாவாடை கட்டாயம். இதில் பெரிய வசதி, இரண்டு துண்டாக இருப்பது. தென்மலையில் ஒரு கல்யாணத்தில் முழங்கால் வரை நனைந்து திண்ணையில் நின்றேன். “மதினி, உள்ள வந்து இதக் கட்டிக்கோங்க” என்று தம்பி பெண்டாட்டி ஒரு காய்ந்த முண்டை நீட்டினாள். மேலே நேரியது காய்ந்தே இருந்ததால் கீழே மட்டும் மாற்றினேன், இரண்டு நிமிடத்தில் பந்திக்குத் தயார். சேலையில் இது நடக்காது. அப்போதிருந்து ஒரு முண்டு அதிகமாகப் பையில் இருக்கும்.

இப்போது அதிகம் கட்டுவது கஞ்சி போடாத மெல்லிய சுங்குடிதான். மரூன், கரும்பச்சை, கருநீலம் மாதிரி அடர்நிறம். துணி மெல்லிசு என்பதால் இலை எடுப்பதற்குள் பாதி காய்ந்துவிடும், சேறும் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கம் விழும், எளிய கல்யாணத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. புதுசு என்றால் சாயம் போகிறதா என்று ஒரு தடவை அலசிப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். மழையில் சாயம் இறங்கினால் உள்பாவாடையும் வீண்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று, சேலையின் கீழ்க்கரைக்கு உள்பக்கம் தைக்கும் பட்டைத் துணியான ஃபால்ஸ். காட்டன் ஃபால்ஸை அப்படியே தைத்துவிட்டால், முதல் மழையில் அது சுருங்கி, சேலைக்கரை பூராவும் சுருக்கு விழும். அதற்கப்புறம் எத்தனை இஸ்திரி போட்டாலும் நேராகாது. நனைத்துக் காயவைத்த ஃபால்ஸைத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். உள்பாவாடையும் கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். நீளமாக இருந்தால் திரி எண்ணெய் இழுப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கும்.

செருப்புக்குப் பின்வார் அவசியம். சாதா ரப்பர் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சேற்றைப் பின்பக்கம் வாரி அடிக்கும், ஆண்களின் வேட்டியில் இது இன்னும் மோசம். அவர்களுக்கு நான்கு முழ ஒற்றை வேட்டி போதும். மடித்துக் கட்டலாம், சீக்கிரம் காயும். கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால், சட்டையில் காசைக் கொட்டுவதை விட ஒரு நல்ல நேரியதில் போடலாம்.

திரும்பி வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் துணியை மடித்து பீரோவில் வைக்காதீர்கள். இந்தக் காற்றில் மூன்று நாளில் கரும்புள்ளி பூக்கும். நான் அன்று இரவே மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி விரித்துவிடுவேன். சுங்குடி விடிவதற்குள் காய்ந்துவிடும். கசவு என்கிற சரிகைக் கரை போட்ட முண்டுக்கு மட்டும் கரை மடங்காமல் பார்த்து, இன்னொரு நாள் கூடுதலாக விடுவேன்.