யூஎஸ்பி கீபோர்ட்டுக்கு கேர்னல்ல வை போடுறதா, எம் போடுறதா?

திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மச்சான்ர கொமினிகேஷன் கடையில நாலு பழைய டெஸ்க்டொப் கிடக்கு, நாலிலயும் டெபியன் லினக்ஸ், கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) மட்டும் நான் கொம்பைல் பண்ணிப் போட்டது. கொம்பைல் பண்ணேக்க ஒரு டிரைவருக்கு வை போட்டால் அது கேர்னலுக்குள்ளயே சேரும், எம் போட்டால் தனி மொடியூலா நிக்கும். அந்த மெஷின்கள்ல ஒண்டுக்கு இருந்த பிஎஸ்டூ (பழைய வட்டப் பின்) கீபோர்ட் போன மாசம் செத்துப்போச்சு, கடற்கரைப் பக்கம் உப்புக்காத்துக்கு பின்னெல்லாம் பச்சை பிடிச்சிரும். புது யூஎஸ்பி கீபோர்ட் ஒண்டைச் செருகி ஓன் பண்ணினால் பயோஸ்ல வேலை செய்யுது, எந்தக் கேர்னல்ல பூட் பண்ணுறது எண்டு கேக்கிற கிரப் மெனுவில மேல கீழ போகுது, ஆனா லொகின் கேக்கிற இடத்தில ஒரு எழுத்தும் விழேல்ல, கப்ஸ் லொக் அமத்தினாலும் லைட் எரியேல்ல. மச்சான் கீபோர்ட் பழுதெண்டு கடைக்குத் திருப்பிக் குடுக்கப் போயிட்டார், நான்தான் மறிச்சனான்.

கிரப் வரைக்கும் கீபோர்ட்டை ஓட்டுறது பயோஸ். கேர்னல் எழும்பினாப் பிறகு பயோஸ் கையை விட்டிரும், அதுக்குப் பிறகு கேர்னலிட்ட சொந்த டிரைவர் இருக்கோணும். என்ர கேர்னல்ல அது இல்லை. ஏனெண்டா நான் லோக்கல்மொட்கொன்பிக் எண்ட கட்டளையைப் பாவிச்சுத்தான் கொன்பிக் (எந்தெந்த டிரைவர் வேணுமெண்ட பட்டியல்) எடுத்தனான், அது அந்த நேரம் லோட் ஆகியிருக்கிற மொடியூல்களை மட்டும் வைச்சிட்டு மிச்சத்தை வெட்டி விடும், அண்டைக்குக் குத்தியிருந்தது பிஎஸ்டூ கீபோர்ட்டும் பிஎஸ்டூ மவுஸும், அதால யூஎஸ்பி கீபோர்ட், மவுஸை ஓட்டுற யூஎஸ்பிஹிட் டிரைவர் லோட் ஆகேல்ல, வெட்டுப்பட்டுப் போச்சு. கொம்பைல் நேரம் நல்லாக் குறையும் எண்டது உண்மைதான், ஆனா அதை ஓட்ட முதல் கடையில பாவிக்கிற கீபோர்ட், மவுஸ், பார்கோட் ரீடர் எல்லாத்தையும் ஒருக்காக் குத்தி வைக்கோணும். பார்கோட் ரீடரும் கேர்னலுக்கு ஒரு கீபோர்ட் மாதிரித்தான்.

இப்ப வையா எம்மா. எம் போட்டால் யூஎஸ்பிஹிட் தனி ஃபைலா டிஸ்க்ல இருக்கும், தேவைப்படேக்க ஏறும், கீபோர்ட் இறுகினா மொடியூலைக் கழட்டித் திரும்பப் போடலாம், ரீபூட் தேவையில்லை. லப்டொப்புக்கு இது காணும். ஆனா இந்த ஊரில கரண்ட் போய் வந்தால், டிஸ்க் செக் பிழைச்சு ரூட் பாஸ்வேர்ட் தா எண்டு ஸ்கிரீன் நிக்கிறது எத்தினை தரம். அந்த நேரம் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கிற டிஸ்க் பகுதி) மவுண்ட் ஆகாமக் கிடந்தா, டிரைவர் அதுக்குள்ள, டிரைவர் இல்லாம நீங்கள் பாஸ்வேர்ட் அடிக்கவும் ஏலாது. இனிட்ராம்எப்எஸ்க்குள்ள (பூட் ஆகேக்க முதல்ல மெமரியில ஏறுற சின்ன ஃபைல் தொகுப்பு) மொடியூலைப் போட்டு வைச்சா தப்பலாம், சரி, ஆனா ஒவ்வொரு புதுக் கேர்னலுக்கும் அது உள்ளுக்குப் போச்சோ எண்டு பாக்கோணும். டிஸ்க் என்கிரிப்ட் பண்ணினவைக்கும் இதே கதைதான். வை போட்டால் டிரைவர் கேர்னலுக்குள்ளயே, ரூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாட்டியும் கீபோர்ட் ரெடி, கொஞ்ச மெமரி கூடப் பிடிக்கும், நாலு ஜிபி ராம் இருக்கிற மெஷினுக்கு அது ஒண்டுமில்லை. என்ர முடிவு, கடையில நிக்கிற மெஷின் எண்டா வை, யோசிக்கவே வேண்டாம்.

ஒண்டு கவனம், மெனுகொன்பிக்ல (கொன்பிக் மாத்துற மெனு) யூஎஸ்பி எண்ட பெரிய ஒப்ஷனை எம் ஆ விட்டிட்டு யூஎஸ்பி ஹிட்டுக்கு மட்டும் வை போட ஏலாது, விடாது. மேல இருந்து வை ஆக்கிக்கொண்டு வரோணும். ஜெனரிக் ஹிட் டிரைவர் எண்டு ஒண்டும் இருக்கு, அதையும் விடாதேங்க, யூஎஸ்பிஹிட் வயர் வழியா டேட்டாவைக் கொண்டு வரும், அதை எழுத்தா மாத்துறதுக்கு ஜெனரிக் வேணும். இன்புட் பகுதியில ஈவென்ட் இன்டர்ஃபேஸ், அதுதான் ஈவிடெவ், அது இல்லாட்டி கறுப்பு டெர்மினல்ல எழுத்து விழும், டெஸ்க்டொப்புக்குப் போனா கீபோர்ட்டும் மவுஸும் செத்தமாதிரி இருக்கும்.

யூஎஸ்பி போர்ட்டை ஓட்டுற கன்ட்ரோலர் டிரைவர் விசயத்திலதான் கனபேர் வழுக்குறவை. புது போர்ட்டுக்கு எக்ஸ்எச்சிஐ போட்டால் யூஎஸ்பி 3ல இருந்து பழைய மெதுவான சாமான் வரைக்கும் அதே பாத்துக்கொள்ளும். பழைய போர்ட்டில ஈஎச்சிஐ மட்டும் போட்டால் பென்டிரைவ் வேலை செய்யும், கீபோர்ட் வேலை செய்யாது, ஏனெண்டா ஈஎச்சிஐ 480 மெகாபிட் வேகத்துக்கு, சாதாரண கீபோர்ட் 1.5 மெகாபிட், அதுக்குப் பக்கத்தில யூஎச்சிஐ இல்லாட்டி ஓஎச்சிஐ இருக்கோணும். இன்டெல், வியா சிப்செட் எண்டா யூஎச்சிஐ, மற்றதுகளில பெரும்பாலும் ஓஎச்சிஐ. எது எண்டு தெரியாட்டி நாலையும் வை போடுங்க, நான் அப்பிடித்தான் செய்தனான்.

யூஎஸ்பிகேபிடி, யூஎஸ்பிமவுஸ் எண்டு சின்ன டிரைவர் ரெண்டும் இருக்கு, பூட் புரொட்டகோல் எண்டு சொல்லுவினம். இந்த முறையில கீபோர்ட் ஒரு தரத்துக்கு 8 பைட் அனுப்பும், அதில ஒரே நேரத்தில 6 கீ, வொலியூம் பட்டன் போல மேலதிகக் கீ ஒண்டும் வராது. யூஎஸ்பி ஹிட்டுக்கு வை போட்டால் அந்த மெனுவே மறைஞ்சிரும், அது தெரியிறதுக்கு எக்ஸ்பேர்ட் ஒப்ஷனும் ஓன் ஆ இருக்கோணும். சின்ன எம்பெடட் போர்டுக்கு சரி, கடைக்கு வேண்டாம்.

தமிழ் டைப்பிங்குக்கு கேர்னல்ல ஒண்டும் மாத்த வேண்டாம், ரெங்கநாதன் லேஅவுட்டோ தமிழ் 99ஓ எதெண்டாலும் அது மேல டெஸ்க்டொப்ல நடக்கிற வேலை.

கீபோர்ட் வேலை செய்யாத அண்டைக்கு கிரப்ல இருந்து டெபியன்ர சொந்தக் கேர்னலைத் தெரிவு செய்துதான் உள்ளுக்குப் போனனான், கீபோர்ட் உடன வேலை செய்தது. குத்தியிருக்கிற யூஎஸ்பி சாமான்களைக் காட்டுற எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி ஒப்ஷனோட அடிச்சுப் பாத்தால் கீபோர்ட்டுக்கு நேர யூஎஸ்பிஹிட் எண்டு டிரைவர் பேர் வரும், அதைக் கண்டாப் பிறகுதான் என்ர கேர்னலைத் திரும்பக் கொம்பைல் பண்ணப் போட்டனான். பழைய கேர்னலை இண்டைக்கும் அழிக்கேல்ல.