மேவனில் ஐந்து வருடம், கிரேடிலில் நான்கு வருடம்

மேவன், கிரேடில் இரண்டும் ஜாவா கோடைக் கம்பைல் செய்து, வேண்டிய லைப்ரரிகளைச் சேர்த்துக் கட்டித் தரும் பில்ட் டூல்கள். நான் இரண்டையும் பயன்படுத்தியது ஒரே ஜாவா புராஜெக்ட்டில்தான். ஆரம்பத்தில் 6 மாட்யூல் (தனியாகக் கட்டக்கூடிய பகுதி), இப்போது 43. முதல் ஐந்து வருடம் மேவனில் ஓடியது, அப்புறம் கிரேடிலுக்கு வந்தோம்.

மேவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பில்ட் விவரங்களை எழுதி வைக்கும் பாம் ஃபைல் நீளம்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் திறந்து பார்த்தாலே புரியும். நாங்கள் மாட்டிக்கொண்டது எங்கள் அவசரத்தால். ஒரு மாட்யூலை மட்டும் பில்ட் செய்யும்போது, அது சார்ந்திருப்பவற்றையும் சேர்த்துக் கட்டச் சொல்லும் ஆப்ஷனைப் போட மறந்தால், லோக்கல் ரெப்போவில் (நம் கணினியிலேயே மேவன் சேமித்து வைக்கும் இடம்) கிடக்கும் பழைய ஜாரே (கட்டி முடித்த ஃபைல்) உள்ளே வரும். ஒருமுறை நான் சரிசெய்த பக் போகவே மாட்டேன் என்றது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஜாரின் தேதியைப் பார்த்தால், போன வாரத்தது!

வேகத்துக்காகத்தான் மாறினோம். அது கிடைத்தது, உள்ளீடு மாறாத டாஸ்க்கை, அதாவது பில்டின் ஒரு படியை, கிரேடில் மறுபடி ஓட்டுவதில்லை. ஆனால் உண்மையில் பலன் தந்தது, கிரேடில் 3.4 பதிப்பில் வந்த, லைப்ரரியைச் சேர்க்கும்போது 'ஏபிஐ' அல்லது 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதும் பிரிவு. இம்ப்ளிமென்டேஷன் என்று எழுதிய லைப்ரரி, நம் மாட்யூலைப் பயன்படுத்தும் மற்ற மாட்யூலின் கம்பைலுக்குத் தெரியாது; ஏபிஐ என்று எழுதியது தெரியும். முதலில் சோம்பலில் எல்லாவற்றையும் ஏபிஐ என்றே போட்டு வைத்திருந்தோம். பிறகு ஒவ்வொன்றாக மாற்றியபோது 11 மாட்யூல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. எல்லாமே ஒரு ஜேசன் லைப்ரரியைச் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த மாட்யூல் வழியாக எடுத்துக்கொண்டிருந்தவை. எங்கள் மாட்யூல் எல்லைகள் வெறும் ஃபோல்டர் எல்லைகள்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

மாறப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே லைப்ரரி இரண்டு பதிப்பில் வந்தால், மேவன் டிபெண்டன்சி மரத்தில் (எது எதைச் சார்ந்தது என்ற கிளைப் பட்டியல்) நம் புராஜெக்ட்டுக்கு அருகில் இருப்பதை எடுக்கும். கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். மாறுவதற்கு முன்னும் பின்னும் டிபெண்டன்சி பட்டியலை எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு லைப்ரரி சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டது, டெஸ்ட்தான் காட்டிக்கொடுத்தது.

கிரேடிலில் பில்ட் ஸ்கிரிப்ட் என்பதே ஒரு புரோகிராம். கை சும்மா இருக்காது. ரூட் ஃபைலில் நாங்கள் இஃப், எல்ஸ் என்று 200 வரி எழுதிவிட்டு, அதைப் பிளகின்களாகப் பிரிக்க இரண்டு வாரம் செலவழித்தோம். பெரிய பதிப்பு மாறும்போதும் இரண்டு நாள் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

என்னிடம் இன்னொரு புராஜெக்ட் இருக்கிறது, 5 மாட்யூல். அது இன்னும் மேவனில்தான். லைப்ரரி பதிப்பு எண்ணை மாற்றுவது தவிர, அந்த பாமைத் தொட்டு இரண்டு வருடமாகிறது.