பன்னிரண்டு வருடமாக நெட்வொர்க் மார்க்கெட்டிங் பொருட்கள் வாங்குகிறேன்: எது தேறியது, எது தேறவில்லை

2013ல் கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிதில், மாடிவீட்டு அக்கா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பாய் விரித்து, வரிசையாக டப்பர்வேர் டப்பாக்கள். காபி குடித்தபடி ஒவ்வொரு மூடியையும் திறந்து மூடிப் பார்த்தோம். நான் ஒரு சாப்பாட்டு டப்பாவும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் எடுத்தேன். சாதாரண பாட்டிலைப் போல மூன்று மடங்கு விலை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் வாடியது. அந்த இரண்டு பாட்டிலில் ஒன்று இன்றைக்கும் என் மகளின் பள்ளிப் பையில் போகிறது.

டப்பர்வேரை முதலில் கடைகளில்தான் வைத்து விற்றார்களாம், ஓடவில்லை. மூடியின் நடுவை அழுத்திக் காற்றை வெளியே விடுவதை யாராவது செய்து காட்டினால்தான் அதன் அருமை புரியும். பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் ஆட்களைக் கூட்டிச் செய்து காட்டி விற்ற விதத்தைப் பார்த்து, 1951ல் கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி விற்பனையின் உண்மையான பலம் அதுதான் என்று நினைக்கிறேன். பொருளைத் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே பயன்படுத்தியவரிடம் கேட்டு வாங்கலாம்.

அன்றிலிருந்து இன்றுவரை, இப்படிக் கடையில் வைக்காமல் உறுப்பினர்கள் மூலமாகவே விற்று, அவர்கள் சேர்க்கும் ஆட்கள் வாங்குவதிலும் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் இன்னும் மூன்று நிறுவனங்களின் பொருட்களை வாங்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் திரவம், டூத்பேஸ்ட், புரோட்டீன் பவுடர், மூலிகை ஜூஸ் என்று பல. இடையில் இரண்டரை வருடம் ஐடி போட்டு உறுப்பினராகவும் இருந்தேன். வீட்டுக் கணக்கைத் தினமும் நோட்டில் எழுதுவது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அதனால் கீழே சொல்லும் விலைகள் எல்லாம் அந்தந்தச் சமயத்தில் நான் எழுதி வைத்தவை. அந்த மூன்று நிறுவனங்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் பெயர் சொல்லும் நிறுவனங்கள் என் மனக்குறைகளோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

முதலில் பாத்திரம் கழுவும் திரவம். ஒரு லிட்டர் 420 ரூபாய். கேட்டதுமே வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அது அடர்த்தியானது, தண்ணீர் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். எங்கள் ஐந்து பேர் வீட்டுக்கு 130 நாள் வந்தது. நாளுக்கு மூன்று ரூபாய் இருபத்து மூன்று காசு. அதே சமயம் மளிகைக் கடையில் வாங்கிய அரை லிட்டர் பாட்டில் 105 ரூபாய், சரியாக 30 நாள் வந்தது. நாளுக்கு மூன்றரை ரூபாய். ஆக, நான்கு மடங்கு விலை போலத் தெரிந்தது கணக்குப் போட்டால் கொஞ்சம் மலிவாகவே நின்றது. கையும் எரியவில்லை. இன்றுவரை அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இந்தக் கணக்கு முதல் வாரமே உடைந்துவிடும். வேலைக்கு வரும் அம்மாவிடம் பாட்டிலைக் கொடுக்காமல், கலந்து வைத்த டப்பாவைத்தான் கொடுப்பேன்.

டூத்பேஸ்ட் தேறவில்லை. 200 கிராம் 165 ரூபாய். கடைப் பேஸ்ட் 150 கிராம் 85 ரூபாய். கிராமுக்குப் பார்த்தால் ஏறக்குறைய நாற்பத்தைந்து சதவீதம் கூடுதல். ‘பட்டாணி அளவு போதும், அதனால் மிச்சம்தான்’ என்பார்கள். எந்தப் பேஸ்ட்டுக்கும் பட்டாணி அளவு போதும்.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். மகள் பிறந்த பிறகு உடம்பு தேற வேண்டும் என்று வாங்கினேன். அரைக் கிலோ 1,700 ரூபாய். ஒரு ஸ்பூன் பத்து கிராம், அதில் புரதம் எட்டு கிராம். அப்படியானால் ஒரு ஸ்பூன் 34 ரூபாய். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, அப்போது முட்டை ஐந்து ரூபாய். அதாவது ஏழு ரூபாய்க்கு முட்டையில் கிடைப்பதை 34 ரூபாய் கொடுத்துப் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பொட்டுக்கடலையில் இன்னும் குறைவான செலவில் முடிந்திருக்கும். பவுடர் கெட்டது என்று சொல்லவில்லை, டப்பாவில் எழுதியது உள்ளே இருந்திருக்கலாம். சாப்பிட முடியாத நோயாளிக்கு மருத்துவர் சொன்னால் அது வேறு. எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். பதினோரு மாதம் வாங்கினேன்.

ஏன் பதினோரு மாதம் என்றால், விற்றது என் சித்தி.

சித்தி திண்டுக்கல்லில் இருக்கிறார். சித்தப்பா தவறியபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது, பையன் பிளஸ் டூ. அந்த நேரத்தில் பழைய தோழி ஒருத்தி வந்து பிளான், அதாவது பொருள் விற்று ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் திட்டம், காட்டியிருக்கிறார். ஒரு ஹோட்டல் ஹாலில் மீட்டிங், மேடையில் கோட் போட்ட ஒருவர், ‘கடைக்காரர் லாபம், விளம்பரச் செலவு எல்லாம் உங்கள் கைக்கே வரும்’ என்று பேசியிருக்கிறார். சித்திக்கு அது பிழைக்க ஒரு வழியாகத் தெரிந்தது. முதல் வாடிக்கையாளர் நான். ‘ஏம்மா, உனக்குப் பிடிச்சா மட்டும் வாங்கு’ என்றுதான் சொன்னார், உண்மையாகவே சொன்னார். ஆனால் விற்கும் பொருளுக்கெல்லாம் பாயின்ட் உண்டு, மாதம் இத்தனை என்று சேர்த்தாக வேண்டும். மாதக் கடைசியில் ‘இந்த மாசம் இன்னும் இருபது பாயின்ட் குறையுதும்மா’ என்று போன் வரும்போது எப்படி வேண்டாம் என்பது?

கடையில் பேஸ்ட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு வாங்குவேன், அண்ணாச்சி ஏனென்று கேட்கப்போவதில்லை. அரிசியில் கல் இருந்தால் போய்ச் சத்தமாகவே சொல்லுவேன். சித்தியிடம் அதைச் சொல்ல முடியவில்லை. பவுடர் கட்டிகட்டியாக நிற்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, ‘நல்லா இருக்கு சித்தி’ என்றேன். அதை அவர் நம்பி இன்னும் நாலு பேரிடம், ‘எங்க அக்கா மகள் குடிச்சுத் தெம்பா இருக்கா’ என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பொருட்களைப் பற்றி நல்ல பேச்சே காதில் விழுவதற்கு இது ஒரு காரணம். சொல்கிறவர் விற்கிறவராக இருப்பார், இல்லையென்றால் விற்கிறவரின் சொந்தமாக இருப்பார். விலை கூடுதல் என்பதைவிடப் பெரிய குறை இதுதான் என்பேன்.

2016ல் நானே ஐடி போட்டேன். உறுப்பினர் விலை குறைவு, எப்படியும் வாங்கத்தானே போகிறோம் என்ற எண்ணம். சரி, குறைவுதான். ஆனால் ஆக்டிவாக இருக்க மாதம் இத்தனை பாயின்ட் வாங்க வேண்டும். முன்பு தேவைக்கு வாங்கினேன், இப்போது பாயின்ட்டுக்கு வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு பேஸ்ட், ஐந்து ஷாம்பு. நோட்டைக் கூட்டிப் பார்த்தால், உறுப்பினராவதற்கு முன் மாதம் சராசரி 600 ரூபாய், ஆன பிறகு 1,900. தள்ளுபடியில் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மடங்கு செலவு.

நான் யாரையும் சேர்க்கவில்லை. சேர்க்கக் கேட்டார்கள், எனக்குக் கீழே லெஃப்ட்டில் ஒருவர் ரைட்டில் ஒருவர் போதும் என்றார்கள். ஒருவர் இரண்டு பேர், அந்த இரண்டு பேர் நான்கு பேர் என்று ஒரு ராத்திரி எழுதிப் பார்த்தேன். பத்தாவது படியில் 1,024 பேர். இருபதாவது படியில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. இருபத்தாறாவது படியில் 6.71 கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான், அதில் கைக்குழந்தைகளும் உண்டு. எங்கே நின்றாலும் கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் பாதிக்கும் மேல், அவர்களுக்குக் கீழே ஆளே இருக்காது. என் கீழே வரப்போகிறவர் என் பக்கத்து வகுப்பு டீச்சர் என்று நினைத்தபோது நோட்டை மூடிவிட்டேன்.

இதை எழுதக் காரணமே அப்பாதான். 2017ல் ஒரு மூலிகை ஜூஸ் வந்தது, பாட்டில் 1,200 ரூபாய். சித்தியின் அப்லைன், அதாவது அவருக்கு மேல்படியில் இருக்கும் ஒருவர், வீட்டுக்கே வந்து, தன் மாமனார் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பாட்டிலில் அப்படி எதுவும் அச்சிடவில்லை, பேச்சில்தான் சொன்னார். அப்பாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு வாரம் கழித்துக் கால் கட்டைவிரலில் இருந்த புண் ஆறவில்லை என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். வெறும் வயிற்றில் 286. ஐந்து மாதம் இன்சுலின் போட்டார்கள். விரல் தப்பியது. சித்தி அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை, அவருக்கும் அந்த ஆள் சொன்னதுதான் தெரியும்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாய்வார்த்தையாகச் சொல்வதை யார் பிடிப்பது? அதனால் உடம்புக்குள் போகிற எதையும் இந்த வழியில் நான் இனி வாங்குவதில்லை. மாத்திரை, பவுடர், ஜூஸ், டீத்தூள் எதுவும். மேலுக்குப் பூசுவது, பாத்திரத்துக்கு ஊற்றுவது என்றால் மட்டும் யோசிப்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இந்தத் தொழில் முழுக்க ஏமாற்று என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. பொருள் செய்யும் உண்மையான ஆலைகள் இருக்கின்றன, எங்கள் பக்கத்து நிலக்கோட்டையிலேயே, இதே முறையில் விற்கும் ஆம்வே நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவில் 1979ல் அந்த நிறுவனத்தின் மீதான வழக்கில், அது பிரமிடு திட்டம், அதாவது ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் மோசடி, இல்லை என்று பெடரல் வர்த்தக ஆணையம் முடிவு செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிய சரக்கில் எழுபது சதவீதமாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் விதிகள் இருந்தன. யாராவது பிளான் காட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: ஐடி போடாமல், வருமானம் எதிர்பார்க்காமல், பொருளுக்காகவே வாங்குகிறவர்கள் உங்களுக்கு எத்தனை பேர்? நல்ல பதில் இருந்தால் அது வியாபாரம். இல்லையென்றால் உறுப்பினர் பணமே சுற்றுகிறது. அப்படிச் சுற்றவிடுவதைத் தடுக்க நம் நாட்டில் 1978லேயே சட்டம் வந்துவிட்டது.

2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. அடையாள அட்டையும் முன்கூட்டிய அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது. ஆள் சேர்த்தால் விலை திரும்பிவிடும் என்று சொல்லி விற்கக்கூடாது. நிறுவனம் குறைதீர்க்கும் அதிகாரி வைத்திருக்க வேண்டும், அவர் 48 வேலை மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசலாம். அப்பா விஷயம் நடந்தபோது இந்த விதிகள் இல்லை. இருந்திருந்தாலும் நான் புகார் கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை, பில்லில் இருந்தது சித்தியின் பெயர்.

2018 கடைசியில் நான் வெளியே வந்தேன். அடுத்த வருடம் பொங்கலுக்குச் சித்தி வந்திருந்தபோது இரண்டு பேரும் அவருடைய கணக்கை உட்கார்ந்து பார்த்தோம். வங்கிக்கு வரும் கமிஷன் மாதம் ஒன்பதாயிரம் வரை இருந்தது. லெவலைக் காப்பாற்ற அவரே வாங்கிய சரக்கு, மீட்டிங் டிக்கெட், பஸ் செலவு, ஆட்களுக்குக் கொடுத்த சாம்பிள் எல்லாம் கழித்தால் மாதம் 1,400 மிச்சம். ஆறு வருட உழைப்பு. சித்தி நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், ‘உங்க சித்தப்பா இருந்திருந்தா முதல் மாசமே கண்டுபிடிச்சிருப்பார்’ என்றார்.

இப்போது அவர் மீட்டிங் போவதில்லை, யாரையும் சேர்ப்பதில்லை. உண்மையாகவே பிடித்து வாங்கும் ஏழெட்டு வீடுகளுக்கு மட்டும் கொடுக்கிறார். கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் யாருக்கும் போன் போட்டுப் பாயின்ட் கேட்பதில்லை. பையனும் வேலைக்குப் போய்விட்டான். பாத்திரத் திரவத்தை அவரிடமிருந்தே வாங்குகிறேன், முழு விலை கொடுத்து, தீர்ந்த பிறகு மட்டும்.

போன மாதம் வந்த பாட்டிலில் மூடி ஓரம் கசிந்து பை எல்லாம் ஈரம். போன் போட்டு, ‘சித்தி, மூடி சரியில்லை, மாத்திக் குடுங்க’ என்றேன். ‘போட்டோ எடுத்து அனுப்பும்மா, கம்பெனிக்கு எழுதுறேன்’ என்றார். ஒன்பது நாளில் புதுப் பாட்டில் வந்தது.