அகிரா: படமா, மங்காவா?

கட்சுஹிரோ ஓட்டோமோ தன் மங்காவை (ஜப்பானியப் படக்கதை) வைத்துத் தானே இயக்கிய ‘அகிரா’ அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சி: ஈடில்லாத படம் என்பவர்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்பவர்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நேரம்: படம் 124 நிமிடம், மங்கா 6 தொகுதிகள், 2,000 பக்கங்களுக்கு மேல்.

கதை: மங்கா 1982 முதல் 1990 வரை வெளிவந்தது. படமோ 1988இலேயே திரைக்கு வந்துவிட்டது. மங்காவில் அகிரா நடமாடும் சிறுவன். படத்தில் ஏறக்குறைய கடைசிவரை குடுவைகளில் அடைத்த எச்சங்கள்தான். நகரம் அழிந்தபின் விரியும் நீண்ட கதையும் படத்தில் இல்லை. புரியாமல் போனால் அது பார்ப்பவரின் குற்றமல்ல.

காட்சி: மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. இரவு நகரத்தின் ஒளியும் கெய்னோ யமாஷிரோகுமியின் இசையும் தாளில் கிடைக்காது.

மலைத்துப்போய் உட்கார விரும்பினால் படம். கதையில் அபார சக்தி பெறும் இளைஞன் டெட்சுவோ ஏன் அப்படி மாறினான் என்று குடைபவர்களுக்கு மங்கா. இரண்டும் வேண்டுமென்றால் படத்தை முதலில் பாருங்கள். மங்காவைப் படித்துவிட்டுப் போனால், விட்டுப்போனதையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.