மனநிலையா, வேலைமுறையா? மைக்ரோசாஃப்ட் வழியும் டொயோட்டா வழியும்

தவறை ஒளிக்காமல் அதிலிருந்து கற்றுக்கொள்ளும் பணியிடம் வேண்டும் என்று விரும்பும் தலைவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. மனிதர்களின் மனநிலை மாறினால் வேலை தானாகச் சீர்படும் என்பது ஒன்று. வேலை நடக்கும் முறையை மாற்றினால் மனநிலை பின்னாலேயே வந்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு 2014-க்குப் பிந்தைய மைக்ரோசாஃப்டையும் இரண்டாவதற்கு டொயோட்டாவையும் காட்டுவது வழக்கம். பயிற்சி வகுப்புகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், தவறு நேர்ந்த நிமிடத்தில் ஊழியர் என்ன செய்வார் என்று கேட்டுப் பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு தெரியும்.

மைக்ரோசாஃப்டின் வழி, ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் கரோல் டுவெக்கின் ஆய்விலிருந்து கிளைத்தது. திறமை பிறப்போடு முடிந்துபோன ஒன்று என நம்புகிறவர் தோல்வியை மறைக்கப் பார்க்கிறார், முயற்சியால் அது வளரும் என நம்புகிறவர் தோல்வியை ஆராய்ந்து பார்க்கிறார் என்பது அதன் சாரம். 2014 பிப்ரவரியில் தலைமைச் செயல் அதிகாரியான சத்யா நாதெல்லா இதை நிறுவனத்தின் பொதுமொழியாக்கினார். பேச்சோடு நிற்கவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், பெண்கள் ஊதிய உயர்வு கேட்பதைவிட அமைப்பை நம்பியிருப்பது நல்லது என்ற பொருளில் மேடையில் பேசிவிட்டு, அது தவறு என்று அன்றே ஊழியர்களுக்கு எழுதினார். 2016 மார்ச்சில் 'டே' என்னும் உரையாடல் நிரல் இனவெறிப் பேச்சைக் கொட்டி ஒரே நாளில் முடக்கப்பட்டபோது, அதை உருவாக்கிய குழுவினருக்குத் தெம்பூட்டி எழுதினார்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு தேதி உண்டு. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறந்தவர், இத்தனை பேர் தேறாதவர் என்று கட்டாயமாகப் பங்கிட்ட மதிப்பீட்டு முறையை அந்நிறுவனம் கைவிட்டது 2013 நவம்பரில், அதாவது நாதெல்லா பொறுப்பேற்பதற்கு முன்பே. அம்முறை இருந்தவரை, பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவுவது தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்வதாக இருந்தது. திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலியுடன் ஒரே குழுவில் சேரத் தயங்கினார்கள். அதற்குப் பின் வந்த முறை, மற்றவருடைய வெற்றிக்கு நீங்கள் என்ன தந்தீர்கள் என்றும் கேட்டது. இந்த மாற்றம் இல்லாமல் மனநிலைச் சொற்பொழிவுகள் மட்டும் நடந்திருந்தால் அவை சுவரொட்டிகளாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

டொயோட்டா மனநிலையைப் பற்றிப் பேசுவது குறைவு. அதன் வேர் தறியில் இருக்கிறது: டொயோட்டா குழுமத்தை நிறுவிய சாகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும், பழுதான துணி மேற்கொண்டு நெய்யப்படாது. அந்த எண்ணமே கார் ஆலையில் கயிறாக மாறியது. கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார், குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசை நிற்கும். இதற்கு 'அந்தோன்' என்று பெயர். ஜப்பானியர்களுக்கு அது காகித விளக்கு. (தமிழில் சற்று நீட்டி 'ஆண்டான்' என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.)

இந்த வழிக்கு வாய்த்த சோதனைக்களம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட். வேலைக்கு வராமை, ஓயாத பூசல், மட்டமான தரம் ஆகியவற்றுக்குப் பேர்போன ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அங்கே 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் அதை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 'நூமி' என்ற பெயரில் தொடங்கியபோது, ஆட்களில் பெரும்பாலோரைப் பழைய தொழிலாளர்களிலிருந்தே, தொழிற்சங்கத் தலைவர்கள் உட்பட, எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த வருகையின்மை 2, 3 விழுக்காட்டுக்கு இறங்கியது. பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது குற்றமாக இருந்தது. புதிய ஆலையில் அதுவே தொழிலாளியின் கடமையாயிற்று. கயிறு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்தபோது யாரையும் வெளியேற்றாமல், உபரியான ஆட்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலைகளிலும் ஈடுபடுத்தினார்கள். யோசனை சொன்னால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சுகிறவர் ஏன் வாய் திறப்பார்? இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் வழி மெலிந்தது: நாதெல்லா பொறுப்பேற்ற ஐந்தே மாதத்தில் 18,000 வரையிலான பணிநீக்கம் அறிவிக்கப்பட்டது.

டொயோட்டாவுக்கும் சறுக்கல் உண்டு. 2009-10-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தபோது, ஆட்களை வளர்த்தெடுக்கும் வேகத்தைவிட நிறுவனம் வேகமாக வளர்ந்துவிட்டது என்று அதன் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 2023-இல் அதன் துணை நிறுவனமான டைஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் மோசடி செய்தது வெளிப்பட்டது. அந்தச் சோதனைக்கூடத்தில் பல ஆண்டுகளாக எவரும் கயிற்றை இழுக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பண்பாடு போதாது என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு ஆய்வு வாரியம் 2024 ஏப்ரலில் அறிக்கை தந்த பிறகு, அந்நிறுவனம் ஒவ்வோர் ஊழியரின் மதிப்பீட்டிலும் பாதுகாப்பைச் சேர்த்தது. இங்கேயும் தீர்வு முறை வழியாகத்தான் வந்தது.

எனவே, தவறு அதே மணிநேரத்தில் கண்ணுக்குத் தெரியும் இடங்களில், அதாவது ஆலை, மருத்துவமனை வார்டு, மென்பொருள் பராமரிப்பு போன்றவற்றில், நான் டொயோட்டா வழியையே தேர்வேன். தவறு வெளிப்பட மாதங்கள் பிடிக்கும் ஆய்விலும் வடிவமைப்பிலும் கயிறு கட்ட இடமில்லை. அங்கே தலைவரின் நடத்தைதான் கைகொடுக்கும், ஆனால் சொற்பொழிவுக்கு முன்பு மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்த வேண்டும். டொயோட்டா வழிக்குச் செலவு அதிகம்: ஒவ்வொரு சிறு குழுவுக்கும் அழைத்தவுடன் ஓடிவர ஒரு தலைவர் வேண்டும், வரிசை நிற்கும் நேரத்தின் இழப்பை மேலாளர் ஏற்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் அதே கலிஃபோர்னியாவிலுள்ள தன் வான் நைஸ் ஆலைக்கு இம்முறையைக் கொண்டுசெல்ல முயன்றபோது, தொழிலாளர்களும் மேலாளர்களும் ஒருவரையொருவர் நம்பவில்லை. அந்த ஆலை 1992-இல் மூடப்பட்டது.