முதல் நிலை பால் மாவு, 400 கிராம் அட்டைப்பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

முதல் நிலை என்பது பிறந்தது முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கான பால் மாவு. தாய்ப்பால் போதவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்க வேண்டிய பொருள் இது. லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது, பாலில் உள்ள இரு வகைப் புரதங்களான வே (whey), கேசீன் (casein) இரண்டின் விகிதம். பசும்பாலில் அது 20:80. கேசீன் வயிற்றில் கெட்டியாகத் திரளும். தாய்ப்பாலை ஒட்டிய 60:40 உள்ள மாவே நல்லது. கார்போஹைட்ரேட் முழுக்க லாக்டோஸாக, அதாவது பாலின் இயற்கைச் சர்க்கரையாக, இருப்பதை எடுங்கள். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்ததற்கு இவ்வளவு விலை தண்டம்.

தப்பு நடப்பது கரண்டியில்தான். பெரும்பாலான பிராண்டுகளில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலைதட்டி. அந்தப் பெட்டிக்குள் வந்த கரண்டியையே பயன்படுத்துங்கள். குவித்துப் போட்டால் மலச்சிக்கல், நீரிழப்பு. மாவை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தைக்கு எடை ஏறாது. பல வீடுகளில் நடப்பது இதுதான். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு மாவைப் போடுங்கள்.

மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. அதனால் கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே போகும் முன், அரை மணிக்குள் கலந்துவிட வேண்டும். பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

அட்டைப்பெட்டியின் குறை, உள்ளே இருக்கும் பை. மடித்து வைத்தாலும் ஈரம் புகுந்து கட்டிதட்டும். பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே வழி.