ஏழாம் ஹார்மானிக்கை எப்படி எழுதுவது?

தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால், அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் கேட்கும். அதுதான் ஐந்தாம் ஹார்மானிக், அதாவது தந்தியின் அதிர்வெண்ணுக்கு ஐந்து மடங்கில் ஒலிக்கும் உள்சுரம். பியானோவில் இருக்கும் காந்தாரத்தைவிட அது 14 சென்ட் இறங்கியது (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்). ஏழாம் ஹார்மானிக் இன்னும் தள்ளி, ஷட்ஜத்தை சி என்று வைத்தால் பியானோவின் பி ஃபிளாட்டுக்கு 31 சென்ட் கீழே நிற்கும். இப்போது சி, ஈ, ஜி, பி ஃபிளாட் (C, E, G, B♭) நான்கையும் 4:5:6:7 விகிதத்தில் சுத்தமாக ஒலிக்கும்படி, இரண்டு வயலின், வியோலா, செல்லோ கொண்ட குழுவுக்கு எழுத வேண்டும். எந்தக் குறியில்?

கால் சுரக் குறிகளைப் பலருக்கும் தெரியும்: திருப்பிப் போட்ட ஃபிளாட், ஒற்றைத் தண்டு ஷார்ப். ஆனால் அவை 50 சென்ட் படிகள். 31 நடுவில் மாட்டிக்கொள்ளும், 14 காணாமலே போய்விடும். இந்த வேலைக்கு ஆகாது.

சுரத்தின் தலையில் -14, -31 என்று எண் போடலாம். கையில் ட்யூனர் இருந்தால் யாருக்கும் புரியும். அப்புறம் நால்வரும் ட்யூனரைத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்க மாட்டார்கள். எண் சொல்வது பியானோவிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டுமே. எந்தச் சுரத்தோடு சேர வேண்டும் என்று அது சொல்வதில்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் பென் ஜான்ஸ்டன் முறையில் சி மேஜர் ஸ்கேலே சுத்த விகிதத்தில் இருப்பதால், ஈக்குக் குறியே வேண்டாம். பி ஃபிளாட்டோடு ஒரு 7 சேர்த்தால் போதும். அழகுதான். வினை எங்கே வருகிறதென்றால், அதில் டீ (D) சுரத்திலிருந்து ஏ (A) சுத்தமான பஞ்சமம் இல்லை, 21.5 சென்ட் குறைகிறது. அதனால் வயலின்காரர் வெறும் தந்தியில் வாசிக்கும் ஏ, ஈ இரண்டுக்கும்கூடக் கூட்டல் குறி போட வேண்டும். விரலே வைக்காத தந்திக்கு ஒரு குறியா!

இசையமைப்பாளர்கள் மார்க் சபாட்டும் வொல்ஃப்காங் ஃபொன் ஷ்வைனிட்ஸும் உருவாக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ்-எல்லிஸ் முறை, சுத்தமான பஞ்சமங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பஞ்சமச் சங்கிலியை அடித்தளமாக வைக்கிறது. வெறும் தந்திகள் குறியில்லாமல் நிற்கும். சுத்தமான ஈக்கு ஒரு கீழ் அம்பு, ஏழாம் ஹார்மானிக்குக்கு ஒரு கொக்கி. தந்தி வாத்தியங்களுக்கு என் ஓட்டு இதற்கே. மேலே சென்ட் எண்ணையும் சிறியதாகப் போட்டுவிடுவேன். முதல் ஒத்திகைக்கு உதவும். சாஜிட்டல் என்ற அம்புக் குறி முறை இதைவிட நுணுக்கமானது, ஆனால் அம்புகளைப் பழகவே தனிப் பயிற்சி வேண்டும்.

எதை எடுத்தாலும் ஸ்கோரின் முதல் பக்கத்தில் குறி விளக்கம் கட்டாயம். இங்கே (பஞ்சமச் சங்கிலியின் சுரத்திலிருந்து) 21.5 சென்ட் இறக்கும் அதே மாதிரி அம்பு, வேறொருவர் ஸ்கோரில் கால் சுரம்.